நாலாவது மூலை

ரெங்கசாமி வேலைக்குத் திரும்பப்போகிறார் என்ற செய்தி வந்தபோது பாலன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பாலனும் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட்ட முகத்தைக் கலைக்காமல், மிச்சக் கோப்பியைக் கால்வாயில் ஊற்றினான்.

“ஆஸ்பத்திரியில ஓகே சொல்லிட்டாங்களாம் லா! திங்கக்கெழம வந்துருவாரு,” என்றான் லோரி ஓட்டும் தனேஷ்.

“நல்லதுடா. தங்கமான மனுசன். பாரம் தூக்கலாம்னு சொல்லிட்டாங்களா?”

“அது கூடாதாம். லைட் டூட்டிதானாம்.”

கோப்பியை ஊற்றியிருக்க வேண்டாமோ என்று பாலனுக்குத் தோன்றியது.

அவர்கள் கிள்ளானில் ‘சோலை கேனப்பி’யின் ஆட்கள். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் என்று அந்த ஊரில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர்கள் தலைக்குமேல் பெரும்பாலும் இவர்கள் கட்டிய கூடாரம்தான் நிற்கும். உட்கார்ந்திருப்பவனுக்கு எளிதாகத் தெரிகிற வேலை. இரும்புக் குழாய்களைத் தரையில் கோத்துக் கூரைச் சட்டம் செய்ய வேண்டும். மேலே துணியை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு மூலைக்கு ஓர் ஆளாக நின்று, ஒரே மூச்சில் சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கால்களைச் செருக வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் மற்ற மூவரின் இடுப்பும் அன்றைக்குப் போயிற்று. அதனால் ஒரு குரல் வேண்டும். “ரெடியா… ஆங்காட்!” என்று ஆட்களை நடத்தும் மண்டோர் கத்துவார். தூக்கு என்பதைத் தமிழில் சொன்னால் ஏனோ யாருக்கும் கை எழுவதில்லை; மலாயில் சொன்னால்தான் எழும்.

எந்தத் திடலும் சமமாக இருப்பதில்லை. ஒரு மூலை பள்ளத்தில் இருக்கும். கூரையின் பாரமெல்லாம் அந்தப் பக்கம் சாயும். அதற்கு நாலாவது மூலை என்று பெயர். அங்கே நிற்பவர்தான் மண்டோர், அங்கிருந்துதான் குரல் வரும். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ரெங்கசாமி இத்தனை வருடமாக அங்கே நின்றார், அதனால் அது சட்டமாகிவிட்டது. பதிலுக்கு லோரியின் முன்பக்கத்தில் ஜன்னலோர இடம் அவருக்கு. மற்றவர்கள் பின்னால், குழாய்களோடு குழாயாக.

போன வருடம் அவருக்குக் குடலின் அடிமுனையில் கட்டி என்றார்கள். புற்றுநோய். வெட்டி எடுத்து, கீழ்வாசலை நிரந்தரமாகத் தைத்து மூடி, இடப்பக்க வயிற்றில் வேறொரு வாசல் வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி போவதெல்லாம் அந்த வழியாகத்தான். பாலன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தான். சட்டையைத் தூக்கி அவரே காட்டினார். பாலன் உண்மையாகவே அழுதான். வெளியே வந்து லோரியின் முன்கதவைத் திறந்து ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தபோது, அந்தத் துக்கம் ஒருவாறு ஆறியது.

அன்றிலிருந்து பாலன் தற்காலிக மண்டோர். ‘தற்காலிக’ என்ற சொல்லை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சில சீர்திருத்தங்கள் கொண்டுவந்தான். முதல் சீர்திருத்தம், மண்டோர் தூக்கக் கூடாது, பார்க்க வேண்டும் என்பது. நாலாவது மூலையில் வங்காளதேசத்து ரஃபிக்கை நிறுத்திவிட்டு, பந்து விளையாட்டு நடுவர்கள் வைத்திருப்பதைப் போல ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். முதுகில் ‘மண்டோர்’ என்று அச்சடித்த டீசட்டை தைத்துக்கொண்டான். கைத்தொலைபேசி எண்ணோடும் கறுப்புக்கண்ணாடிப் படத்தோடும் பெயர்அட்டை போட்டுக்கொண்டான். துக்க வீட்டுக்குக் கூடாரம் போடப் போனால்கூட, இறந்தவரின் மகனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவான்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. அவன் மனைவி ஷாமினி வாரத்தில் இரண்டு நாள் ரெங்கசாமிக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பினாள்.

“எனக்கு என்னிக்காச்சும் கஞ்சி காச்சியிருக்கியா நீ?” என்று கேட்டான் பாலன்.

“ஒங்களுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கீங்க!”

நல்லாத்தான் இருந்தான். அதுதான் அவன் குறை.

திங்கட்கிழமை ரெங்கசாமி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைக்குள்ளே அகலமான வயிற்றுப்பட்டை கட்டியிருந்தார். பை வைத்த இடத்தில் குடல் பிதுங்காமல் இருக்க அது வேண்டுமாம். சாப்பாடு கொண்டுவரும் மூடிபோட்ட மங்கோடு இன்னொரு சின்ன மங்கும் கொண்டுவந்திருந்தார். அதில் மாற்றுப் பை, ஈரத்துணி, குப்பைக்குப் போட ஒரு கறுப்பு நெகிழிப்பை. “ரெண்டையும் மாத்தித் தொறந்துறாதீங்கடா, அப்புறம் பசியாற முடியாது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாலன் கடந்த ஏழெட்டு மாதத்தில் எத்தனையோ நகைச்சுவை சொல்லிப் பார்த்திருந்தான். ரஃபிக் ஒருமுறை சிரித்திருக்கிறான், அதுவும் தமிழ் புரியாமல்.

சாமான் ஏற்றியாயிற்று. ரெங்கசாமி பழக்கதோஷத்தில் நேரே போய் முன்கதவைத் திறந்து ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார். பாலன் நடுவில் உட்கார்ந்தான். லோரியின் நடு இடம் என்பது மனிதனுக்காகச் செய்ததல்ல. கியர்க்கம்பி இரண்டு முழங்காலுக்கும் நடுவே வரும். தனேஷ் மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் தற்காலிக மண்டோர் தொடையை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணம். கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகனங்கள் நகராமல் நின்றன. காலையில் தின்ற நாசி லெமாக் சோறு பாலனின் வயிற்றைக் கலக்கத் தொடங்கியது. முதலில் நெற்றி வியர்த்தது. பிறகு காலைப் பின்னிக்கொண்டான். பக்கத்தில் ரெங்கசாமி ஜன்னலில் கை வைத்து, காற்று வாங்கிக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருப்பவரைப்போல அமைதியாக இருந்தார்.

“என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒன்னுமில்லண்ணே.”

“வயிறா?” அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். “நமக்கு இப்ப அந்தக் கவலையே இல்லடா. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குக் கெடக்கும். ஜாம்ல ராஜா மாதிரி ஒக்காந்திருக்கலாம்.”

பாலன் அவரைத் திரும்பிப் பார்த்தான். உலகத்தில் மனிதன் எதற்கெல்லாமோ பொறாமைப்பட்டிருக்கிறான். வீட்டுக்கு, வண்டிக்கு, அடுத்தவன் பெண்டாட்டிக்கு. ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவே, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொருவனின் மலப்பைக்காகப் பொறாமைப்பட்டவன் அனேகமாக இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அதைவிட மோசம். கழிப்பறையிலிருந்து வந்த பாலன் விசிலை எடுத்து ஊதினான். நாலு மூலையும் நாலு நேரத்தில் எழுந்தன. சட்டம் கோணிக்கொண்டு விழப் பார்த்தது. நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ரெங்கசாமி, துணியைக் கையில் பிடித்தபடி, தன்னை அறியாமல் கத்தினார்.

“எறக்கு! மூச்ச விடு… ரெடியா… ஆங்காட்!”

சட்டம் ஓர் இலைபோல எழுந்தது. கால்கள் செருகப்பட்டன. பெண்ணின் தாயார், “அந்த அங்கிள் கத்துனதும் எனக்கே கை தூக்கிருச்சு!” என்று சொல்லி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். விசில் பாலனின் உதட்டிலேயே இருந்தது. அவன் மூச்சு விட்டபோது அது தானாகச் சன்னமாக ஒருமுறை கீச்சிட்டது.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. இளநீர் அவருக்கு. நிழலில் நாற்காலி அவருக்கு. “பாத்துண்ணே, பாத்து” என்ற சொல் அவருக்கு. பையைக் காலி செய்ய அவர் கழிப்பறைக்குப் போனால் யாரும் நேரம் பார்ப்பதில்லை. பாலன் போனால் தனேஷ் ஹாரன் அடிப்பான். இதில் எரிச்சல் என்னவென்றால், ரெங்கசாமி இதில் எதையும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சட்டம் எழும்போதெல்லாம் அவர் கை தானாக மடங்கி விரியும். ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாலாவது மூலைக் குழாயைத் தடவிக்கொண்டு நின்றார். பாலன் பார்த்தான். இரக்கம் வந்திருக்க வேண்டும். ‘மூலைக்கு அடி போடுகிறார்’ என்றுதான் நினைத்தான்.

அந்த வாரம் முதலாளி சோலையப்பன் பாலனை அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி மூன்று சங்கங்களுக்குத் தலைவர், இரண்டுக்குக் காப்பாளர். டத்தோ பட்டம் வரும் வரும் என்று பல வருடமாகக் காத்திருப்பவர். வந்தால் மாட்டுவதற்கென்று கோட்டுக்கூடத் தைத்து வைத்திருந்தார். அவர் கையில் பலகாரம் கிடைக்காது, பொன்னாடை கிடைக்கும். பார்க்கிறவருக்கெல்லாம் போர்த்துவார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருந்தார்.

“நம்ம கம்பெனிக்கு வெள்ளி விழா வருது. ஸ்டோர் பக்கத்துத் திடல்ல செய்யறோம். ரெங்கசாமிக்குப் பொன்னாடை. பத்திரிகைக்காரன் வரான். ஆமா, அவனுக்கு என்ன ஆப்பரேஷன்?”

“குடல்ல முதலாளி. பின்பக்கத்த மூடிட்டு…”

“நிறுத்து, நிறுத்து!” முதலாளி மூக்கைச் சுளித்தார். “பேனர்ல அதப் போட முடியுமா? பெரிய மனுசங்க சாப்பிட வராங்க.”

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நாச்சம்மை தலையை நிமிர்த்தாமலே, “ஹார்ட்டுன்னு போடுங்க. கௌரவமா இருக்கும்,” என்றார்.

அப்படியாகக் கிள்ளானின் எந்த ஆஸ்பத்திரியும் செய்யாத ஓர் இருதய அறுவை சிகிச்சை அந்த அறையில் நடந்து முடிந்தது.

பாலன் தயங்கி நின்றான். “முதலாளி, மண்டோர் வேல… அது எப்படின்னு…”

“நிரந்தர மண்டோர் யாருன்னு மேடையிலயே சொல்றேன். நீயும் ஒழைச்சிருக்க. பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ பாலனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. ஷாமினியிடம் புதுச் சட்டையைத் தேய்க்கச் சொன்னான். பொன்னாடை போர்த்தினால் எப்படிக் குனிய வேண்டும் என்று கண்ணாடி முன்னே குளியல் துண்டைப் போட்டுப் பழகினான். ஒருவேளை தன் பெயரைச் சொல்லாவிட்டால்? அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். பத்திரிகைக்காரரின் காதில், சாதாரணமாகச் சொல்வதுபோல: ‘ஹார்ட்டெல்லாம் இல்ல பாஸ். சட்டையத் தூக்கச் சொல்லுங்க, தெரியும்.’ அதை நாக்கின் நுனியிலேயே ஊறவைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேடைக்கு மேலே பெரிய கூடாரம். பின்னால் பிரமாண்டமான பேனர். அதில் முக்கால்வாசி முதலாளியின் முகம். மூலையில் அஞ்சல்தலை அளவுக்கு ரெங்கசாமி. அதன் கீழே ‘மரணத்தை வென்ற மாபெரும் இதயம்’. வடிவமைத்தவன் உற்சாகத்தில் துடிக்கிற ஓர் இதயப் படத்தையும் போட்டிருந்தான். ரெங்கசாமி அதை அன்று காலையில்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாருக்குடா இது?” என்று தனேஷிடம் கேட்டார்.

முதலாளி கோட்டோடு வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அந்தக் கால் என் மொகத்துல குறுக்க நிக்குதே.”

கூடாரத்தின் பள்ளத்து மூலைக் கால் அது. நாலாவது மூலை.

“எடுத்துரு,” என்றார்.

ரெங்கசாமி முன்னே வந்தார். “முதலாளி, மூனு கால்ல நிக்காது. மேகம் வேற கறுத்துக்கிட்டு வருது.”

மூன்று காலில் நிற்காது என்பது பாலனுக்கும் தெரியும், ரஃபிக்குக்கும் தெரியும், திடலில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும். அது எழுந்து வேறு இடம் போயிற்று. முதலாளி பாலனைப் பார்த்து, “நீ என்ன சொல்ற, மண்டோர்?” என்றார்.

மண்டோர்! அத்தனை பேருக்கு முன்னால்! “செஞ்சிரலாம் முதலாளி,” என்றான் பாலன். “கயித்தப் போட்டு லோரியில இழுத்துக் கட்டிட்டா போதும்.” காலைக் கழற்றிவிட்டு மூலையைக் கயிற்றில் கட்டினார்கள். முதலாளியின் முகம் முழுசாகத் தெரிந்தது.

விழா தொடங்கியது. வரவேற்றவரை வரவேற்று ஒருவர் பேசினார். ஒரு சங்கத் தலைவர் இன்னொரு சங்கத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த, அவர் அதையே மடித்து இவருக்குத் திருப்பிப் போர்த்தினார். கடைசியில் ரெங்கசாமியைக் கூப்பிட்டார்கள். ஆளைவிடப் பெரிய மாலை. அதன்மேல் சரிகைப் பொன்னாடை. பாலனுக்குக் கழுத்து அரித்தது.

முதலாளிக்கு உணர்ச்சி மேலிட்டது. “அன்பர்களே! இந்த ஏழைத் தொழிலாளியின் இதயம் துடிப்பதை நீங்களே கேளுங்கள்!” என்று சொல்லி மைக்கை அவர் நெஞ்சில் வைக்கப் போனார். மாலை தடுத்தது. மைக்கை மாலைக்குக் கீழே, வயிற்றுப் பக்கமாகச் செருகினார். திடல் முழுக்க நிசப்தம். ஒரு குழந்தைகூட அழவில்லை.

நாலு பெரிய ஒலிபெருக்கியிலும் முதலில் நீளமாக ஒரு ‘குர்ர்ர்’ வந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு, தயங்கித் தயங்கி ஆரம்பித்து, நம்பிக்கை பெற்று, ஓங்கி ஒலித்து அடங்கியது ஒரு ‘பர்ர்ர்ர்’.

“மைக்குல கோளாறு,” என்றார் முதலாளி.

பாலனுக்கு நெஞ்சு துள்ளியது. வாக்கியத்தைச் சொல்லவே வேண்டாம்போல இருக்கிறதே! பத்திரிகைக்காரர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அதற்குள் ரெங்கசாமி மைக்கை வாங்கிக்கொண்டார்.

“மைக்கு நல்லாத்தான் இருக்கு முதலாளி. சத்தம் போட்டது நான்தான்.” அவர் தொண்டையைச் செருமினார். “மன்னிச்சுக்கங்க. ஹார்ட்டுக்கு ஒன்னும் இல்லீங்க, அது இரும்பு மாதிரி இருக்கு. எனக்கு வந்தது குடல்ல கேன்சர். கீழ தெச்சு மூடிட்டு வயித்துல வழி வெச்சுப் பை மாட்டியிருக்காங்க. காலையில முதலாளி வீட்டுச் சாம்பார் ரெண்டு கரண்டி கூடிப்போச்சு. அது பேசணும்னு நெனச்சா பேசிரும். அடக்க நம்மகிட்ட வால்வு இல்ல.”

எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு திடலே சிரித்தது. ரெங்கசாமியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ரத்தமா போச்சுங்க எனக்கு. மூலம்னு சொல்லிக்கிட்டு ஒரு வருசம் வெளிய சொல்லாம இருந்தேன். வெக்கம். சீக்கிரம் போயிருந்தா சின்னதா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இங்க யாருக்காச்சும் அப்படி இருந்தா வெக்கப்படாமப் போய்க் காட்டுங்க. பை ஒன்னும் கொல்லாது. பாருங்க, வேலைக்கு வந்துட்டேன். தூக்கத்தான் விட மாட்டேங்கறாங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது.

முன்வரிசையில் கோட்டுப் போட்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மெல்ல எழுந்தார். “எனக்கும் இருக்கு தம்பி. ரெண்டு வருசமா,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அவர் சம்பந்தி வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார். கைத்தட்டல் எழுந்தது. அடங்க மாட்டேனென்றது.

பாலன் ஒரு வாரம் ஊறவைத்த வாக்கியம் நாக்கிலேயே புளித்துப்போயிற்று. அடுத்தவனை அவமானப்படுத்தக் கையில் வைத்திருந்த ஒரே சரக்கை அந்த மனிதர் தானே எடுத்து, மைக்கில் விற்று, கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டுவிட்டார். இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

கைத்தட்டல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகத் தெரியாமலா மூன்று சங்கத்துக்குத் தலைவரானார் முதலாளி? “இன்று முதல் சோலை கேனப்பியின் நிரந்தர மண்டோர், நமது ரெங்கசாமி!” என்று முழங்கினார்.

அந்த முழக்கத்தோடு வானமும் முழங்கியது. கிள்ளான் மழை அறிவித்துவிட்டு வருவதில்லை. காற்றும் தண்ணீரும் ஒரே வீச்சில் வந்தன. கூடாரத்தின் துணி காலில்லாத மூலைப்பக்கம் குழிந்தது. குழியில் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீர் துணியை இன்னும் இழுத்தது. லோரியில் கட்டிய கயிறு நனைந்து வழுக்கியது. மூலைக்குழாய் காற்றில் பின்பக்கம் வீசிப் பேனரில் முதலாளியின் நெற்றியைக் கிழித்துவிட்டு, முன்வரிசைத் தலைகளை நோக்கி இறங்கத் தொடங்கியது. நாற்காலிகள் உருண்டன. பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளைப்போல ஓடினார்கள். தனேஷும் ரஃபிக்கும் இன்னொருவனும் மற்ற மூன்று கால்களைக் கட்டிப் பிடித்தார்கள்.

ரெங்கசாமி மாலையும் பொன்னாடையுமாக நாலாவது மூலைக்கு ஓடினார். கையை அகட்டி, முழங்காலை மடக்கி, குழாய்க்குக் கீழே தோளைக் கொடுக்கப் போனார்.

பாலன் நாலைந்து எட்டில் இருந்தான். அந்த நேரத்தில் அவன் மனத்தில் ஓடியதை உள்ளபடியே சொல்லிவிட வேண்டும். முதலில், தூக்கட்டுமே என்று நினைத்தான். தண்ணீர் சேர்ந்த அந்த மூலை ஒரு மாட்டின் கனம் இருக்கும். பட்டையாவது, கிட்டையாவது, குடல் பிதுங்கும். திங்கட்கிழமை ஜன்னலோரம் காலியாக இருக்கும். அப்படித்தான் நினைத்தான். கால்கூட நகரவில்லை.

அப்போதுதான் மழையில் நனைந்தபடி பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்குவதைப் பார்த்தான். பொன்னாடை, மாலை, வயிற்றில் பை, தோளில் கூடாரம். நாளைக்கு முதல் பக்கம். ஷாமினி அதை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவாள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு சோறு தின்ன வேண்டும்.

இதையும் அவருக்கு விட்டுக்கொடுப்பதா?

பாய்ந்தான். ரெங்கசாமியை இடித்துத் தள்ளிவிட்டுக் குழாய்க்குக் கீழே தோளைக் கொடுத்தான். “தள்ளுண்ணே! இது என் மூலை!” என்று அவன் அலறியது மழையையும் மீறித் திடல் முழுக்கக் கேட்டது.

பாரம் இறங்கியது. கண் இருண்டது. விசில் கழுத்தில் சிக்கிக்கொண்டது. எங்கே, எப்போது மூச்சைப் பிடிப்பது என்று எதுவும் புரியவில்லை. அப்போது காதருகில் அந்தக் குரல் வந்தது.

“மூச்ச விடு தம்பி. முட்டிய மடக்கு. எல்லாரும்… ரெடியா… ஆங்காட்!”

எழுந்தது. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் மறுபக்கமாக உருண்டு, டத்தோ பட்டத்துக்காகத் தைத்த கோட்டின்மேல் அருவியாகக் கொட்டியது. ரெங்கசாமி முன்னே கழற்றிப் போட்ட கூடாரக்காலைக் குனிந்து இழுத்துவந்து மூலையில் செருகினார். கூடாரம் நின்றது.

பாலன் சேற்றில் உட்கார்ந்தான். ரெங்கசாமி அவன் முன்னால் வந்து நின்றார். தண்ணீர் அவர் முகத்தில் ஓடியது, எல்லாம் மழையில்லை.

“எனக்காகவாடா? தூக்கினா எனக்கு ஏதாச்சும் ஆவும்னு தெரிஞ்சு…” தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, பிழிந்து, உதறி, பாலனுக்குப் போர்த்தினார். பாலன் கண்ணாடி முன்னே பழகியபடி குனிந்தான். ஒரு வாரமாக ஏங்கிய பொன்னாடை. ஈரமாக, கனமாக, கொஞ்சம் சாம்பார் வாசத்தோடு, எந்தக் குணத்துக்காகக் கிடைத்ததோ அந்தக் குணம் இல்லாதவனின் தோளில் கிடந்தது. கூட்டம் கைத்தட்டியது. ஷாமினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அவனுக்கு நினைவில்லை.

‘நண்பனின் பாரம் சுமந்த நல்லிதயம்’ என்று மறுநாள் செய்தி வந்தது. படத்தில் பாலனின் முகத்தைக் குழாய் மறைத்திருந்தது. பக்கத்தில் ரெங்கசாமி தெளிவாக இருந்தார்.

புகழ் என்பது வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு. அடுத்த நாளிலிருந்து நாலாவது மூலை பாலனுடையதாயிற்று. ரஃபிக் அந்தப் பக்கம் போனால், “டேய், அது பாலன் அண்ணன் மூலைடா! ரெங்கசாமி அண்ணனுக்காக அவருதான் தூக்குவாரு!” என்று தனேஷ் துரத்தினான். குரல் ரெங்கசாமியுடையது, பாரம் பாலனுடையது என்று பிரிந்துவிட்டது. மண்டோர் தூக்கக் கூடாது, பார்க்க வேண்டும் என்று தான் போட்ட சட்டம் அப்படியே அமலில் இருப்பதைப் பாலன் தினமும் பார்த்தான், குழாய்க்குக் கீழேயிருந்து. முன்சீட்டில் நடு இடம் அவனுக்கே நிலைத்தது. ஷாமினி கஞ்சியை நிறுத்தவில்லை. அவனுக்கு முதுகுத் தைலம் வாங்கி வைத்தாள்.

நாலைந்து மாதம் கழித்து ஷா ஆலத்தில் ஒரு காதுகுத்து விழா. திடல் வழக்கத்தைவிடச் சரிவு. பாலன் நாலாவது மூலையில் குனிந்தபோது இடுப்பில் ஏதோ கடகடத்தது. ரெங்கசாமி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“தம்பி, டாக்டர் இப்ப பட்டையக் கட்டிக்கிட்டுக் கொஞ்சங்கொஞ்சமாத் தூக்கிப் பழகச் சொல்லிட்டாரு. முழுசா வேணாம். ஒரு கை மட்டும் போட்டுப் பாக்கவா? ரொம்ப ஆசையா இருக்குடா.”

பாலன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தக் கை மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாதிப் பாரம் குறையும், இடுப்பும் பிழைக்கும். சொல்ல வாயைத் திறந்தவன், திடலோரத்தில் ஓர் ஆன்டி கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தயாராக நிற்பதைப் பார்த்துவிட்டான்.

“வேணாண்ணே,” என்றான். “நீங்க தள்ளியே நில்லுங்க.”

“ஒன்ன மாதிரி ஒரு தம்பி கெடைக்குமாடா,” என்றார் ரெங்கசாமி. ஓரடி தள்ளி நின்று, பட்டையை இறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தினார். “ரெடியா… ஆங்காட்!”

பாலன் தூக்கினான். தூக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தான். ஆன்டியின் தொலைபேசி ரெங்கசாமி பக்கம்தான் திரும்பியிருந்தது.